கடல் கடந்து நடக்கும் விளையாட்டுப் பந்தய நிறுவனங்கள் நேரில் எப்படி இருக்கும்?

வெளிநாட்டில் பந்தயக் கம்பெனியில் வேலை வாங்கித் தருவதாக யாரோ ஓர் ஏஜெண்ட் சொல்லித்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் பத்து ரூபாய்கூடப் பந்தயம் கட்டியவன் அல்லன். தொலைபேசி எக்ஸ்சேஞ்சும் குரல் பதிவுக் கருவியும் பொருத்தும் பொறியாளனாக 2005 செப்டம்பரில் கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேக்குச் சென்று, அமெரிக்கர்களிடம் பந்தயம் வாங்கிய ஒரு நிறுவனத்தில் நாற்பது நாள் இருந்தேன். சூதாட்டக்காரனுக்கு ஊழியம் செய்தவன் என்று பின்னூட்டமிட வருபவர்கள், அப்படியானால் அந்தக் கட்டடத்துக்கு மின்சாரம் கொடுத்தவர்களையும் சேர்த்துத் திட்டட்டும்.

பார்க்க அது ஒரு கால் சென்டர், அவ்வளவுதான். வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவலாளி இருந்தார். பெயர்ப் பலகையில் பந்தயம் என்ற சொல்லே இல்லை. பந்தயம் வாங்குவதற்கென்று அந்நாட்டில் தனி உரிமம் கிடையாது என்பதால், இத்தகைய நிறுவனங்கள் தரவுச் செயலாக்கம் போன்ற பெயர்களில் பதிவு செய்துகொண்டு நடந்துவந்தன. உள்ளே அறுபது மேசைகள், சுவரில் ஒலி நிறுத்திய தொலைக்காட்சிகள், ஹெட்செட் மாட்டிய கல்லூரி வயதுப் பிள்ளைகள். ஒரு டாலர் நோட்டைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, அதாவது அமெரிக்கக் கிழக்குக் கரையின் பகல் ஒரு மணிக்கு, அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் தொடங்கும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அத்தனை இணைப்புகளும் நிரம்பிவிடும். 100 டாலர் வெல்ல 110 டாலர் கட்ட வேண்டும் என்பதுதான் கம்பெனியின் பிழைப்பு, நூற்றுக்கு 52.4 முறையாவது வெல்கிறவருக்கே கையைக் கடிக்காது. கண்ணாடி அறையில் அமர்ந்திருந்த ஒருவர், ஒரு அணியின் மீதே பணம் குவிவதைக் கண்டால் புள்ளி வித்தியாசத்தை, அதாவது பந்தயம் பலிக்க வலுவான அணி எத்தனை புள்ளிக்கு மேல் முந்தி வெல்ல வேண்டும் என்ற எண்ணை, அரைப் புள்ளி நகர்த்துவார். மறுநொடி அறுபது திரைகளிலும் எண் மாறும். பந்தயத்தை வாங்கும் ஊழியர் அதை வாடிக்கையாளருக்குத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் 'ஆம்' என்று சொல்வதைப் பெற வேண்டும். தகராறு வந்தால் அந்தக் குரல் பதிவே இறுதி.

அக்டோபர் தொடக்கத்து ஞாயிறு ஒன்றில் தகராறு வந்தது. தான் சொன்னது டென்வர் அணி என்றார் வாடிக்கையாளர். திரையில் இருந்ததோ டாலஸ். அன்று டென்வர் வென்றது, டாலஸ் தோற்றது. பந்தயத்தை வாங்கிய பெண், தாம் டாலஸ் என்றே திரும்பப் படித்ததாகவும் அவர் 'ஆம்' என்றதாகவும் உறுதியாகச் சொன்னார். எனக்கு அவரை நம்பத் தோன்றியது. ஆனால் நான் ஒரு சேனலைத் தவறாக ஒதுக்கியிருந்ததால், பதிவைத் தேடியபோது அந்த அழைப்பு வந்த பதினொரு நிமிடமும் வெறும் இரைச்சலாக இருந்தது. மேலாளர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வாடிக்கையாளர் கணக்கில் வெற்றிப் பணம் 1,000 டாலரைச் சேர்க்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் சம்பளத்தில் அவர்கள் கை வைக்காததே எனக்கு ஆறுதல்.

இதை வைத்து எல்லா இடமும் இப்படித்தான் என்று எண்ணிவிடாதீர்கள். பிலிப்பைன்ஸில் 2016 முதல் உரிமத்துடன் வளர்ந்த நிறுவனங்களுள் சிலவற்றின் வளாகங்களில் ஆட்கடத்தலும் இணைய மோசடியும் அம்பலமாகி, 2024 ஜூலையில் அதிபர் மார்கோஸ் அத்தொழிலுக்கே தடை அறிவித்தார். ஏஜெண்ட் சொல்லும் ஊர் அதுவானால் போகவே வேண்டாம்.

சான் ஹோசேயிலும் நிலைமை நீடிக்கவில்லை. அங்கிருந்தே அமெரிக்கர்களிடம் பந்தயம் வாங்கிய பெட்ஆன்ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தின், 2006 ஜூலையில், தலைமை நிர்வாகி டேவிட் கருதர்ஸ், கோஸ்டா ரிக்காவுக்குப் போகும் வழியில் விமானம் மாறுகையில் டாலஸ் விமான நிலையத்தில் கைதானார். இணையச் சூதாட்டத்துக்கு வங்கிகள் பணம் அனுப்புவதைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. நான் கருவி பொருத்திய நிறுவனம் சில வாரங்களில் மூடப்பட்டது. அவர்களிடமிருந்து கடைசித் தவணை வரவில்லை என்பதைக் காரணம் காட்டி, எங்கள் சென்னை அலுவலகம் என் நாற்பது நாள் பேட்டாவை நிறுத்திவைத்தது. பதிவே இல்லாத பந்தயத்துக்கு அந்தக் கம்பெனி அன்றே பணம் கொடுத்தது. ஒவ்வொரு நாளுக்கும் ரசீது ஒட்டிக் கொடுத்த என் பேட்டா இன்றுவரை வரவில்லை.