அந்தத் தப்புப் பாட்டு

அன்புள்ள ஐயா,

மதுரையில் எட்டு வருடமாக இளையராஜா ரசிகர் வட்டம் ஒன்று நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். போன மாதம், முதல் கூட்டத்திலிருந்து வருகிற ஒரு பெரியவர், "2000க்குப் பிறகு வந்ததில் பாதி எனக்கு ஒட்டவில்லை" என்றார். அவ்வளவுதான், இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். "உங்களை யார் அனுப்பினார்கள்?" என்றார் ஒருவர். "காதை டாக்டரிடம் காட்டுங்கள்" என்றார் இன்னொருவர். பெரியவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். இந்த மாதம் வரவில்லை.

மாற்றுக் கருத்தை மரியாதையோடு பேச எங்கள் ஆட்களை எப்படிப் பழக்குவது? விதிமுறைகள் எழுதி ஒட்டலாமா? ரகுமானோடு ஒப்பிட்டுப் பேசுவதைத் தடை செய்துவிடலாமா? ரசிகனாக இருந்துகொண்டே குறை சொல்வது சாத்தியம்தானா? உங்கள் தாழ்மையான வாசகனுக்கு வழிகாட்டுங்கள். (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. கூட்டம் நடத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் போன வாரம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் பந்திக்கு ஓடிவிட்டார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நாதஸ்வரம் வாசிக்கிற நாயனக்காரர் காம்போதி ராகத்தை எடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு நாயனக்காரரின் நினைப்பு வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிவந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். விதிமுறை எழுதி ஒட்டாதீர்கள், மழைக்குக் கிழியும். ரகுமான் ஒப்பீடு 1992ல் 'ரோஜா' வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிற சண்டை. எனக்கு அலுத்துவிட்டது. உங்கள் ஆட்களுக்கு அலுக்கவில்லை என்றால் நடக்கட்டும், யாருக்கும் நஷ்டமில்லை. நாம் ஏதோ கெட்டுப்போன காலத்தில் இருக்கிறோம் என்கிற தொனி உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அப்படியெல்லாம் இல்லை. வள்ளலாரின் பாட்டை அருட்பா என்று சொல்லலாமா கூடாதா என்ற சண்டை 1869ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் படி ஏறியது. வள்ளலாரும் போய், அவரை எதிர்த்த ஆறுமுக நாவலரும் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு பக்கத்து ஆட்களும் விடவில்லை. காதை டாக்டரிடம் காட்டச் சொன்ன உங்கள் பையனை அந்தக் கூட்டத்தில் நிறுத்தினால் பரம சாது என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது நீங்கள். யார் எழுந்தார்கள், யார் என்ன சொன்னார்கள், பெரியவர் எப்படிப் போனார் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? உங்கள் வீடு, உங்கள் மாடி. அவர் செருப்பை மாட்டுகிறவரைக்கும் பார்த்திருக்கிறீர்கள். படியிறங்கிப் பின்னாலேயே போய் "ஐயா, ஒரு நிமிஷம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முன்பின் பழக்கமில்லாத எனக்குக் கடிதம் எழுத முடிந்த உங்களுக்கு, எட்டு வருடம் பழகியவருக்கு ஒரு போன் போட முடியவில்லை. அவர் இந்த மாதம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, யாராவது வரச் சொன்னீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்கிற நான் அந்த மாடியில் இருந்திருந்தால், பதினேழு வயதில், டாக்டரைப் பார்க்கச் சொன்னவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

அப்போது கும்பகோணத்தில் பெரிய கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் கேசட் பதிவு செய்கிற கடை இருந்தது. கடை என்றால் இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். பாட்டுகளை நோட்டுத் தாளில் எழுதி, அறுபது நிமிஷக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தால், மூன்று நாள் கழித்துக் கிடைக்கும். ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏழாவது பாதியில் அறுந்துவிடும். அப்படி அறுக்காமல், எந்தப் பாட்டுக்குப் பின்னால் எது என்று கணக்குப் போட்டு அடைப்பதில் கடைக்கார அண்ணன் கெட்டிக்காரர். எங்கள் பட்டியலைப் பார்த்து, "இதை எடுத்துட்டு இதைப் போடுடா, மிச்சம் விழாது" என்பார். சாயங்காலம் ஆனால் நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கேதான். எல்லோரும் ராஜா கட்சி. வேறு கட்சியும் அப்போது இல்லை.

1986 ஆரம்பம். முந்தின வருடம் வந்த 'சிந்து பைரவி'யின் இசைத்தட்டு கடையில் ஓய்வில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் சித்ரா பாடிய 'பாடறியேன் படிப்பறியேன்' உங்களுக்குத் தெரியும். நாட்டுப்பாட்டாகக் கிளம்பி, நம்மை அறியாமலே தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கீர்த்தனைக்குள் போய் முடியும். தியாகராஜர் அதைப் போட்டது காம்போதி ராகத்தில். ராஜா சாரமதிக்கு மாற்றியிருந்தார். கச்சேரி கேட்கிறவர்கள் வட்டத்தில் இது பெரிய மனக்குறை. எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. காம்போதி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

அன்றைக்கு வாசலில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயதிருக்கும். வெற்றிலைச் சிவப்பு, தோளில் துண்டு. கோயிலில் சாயரட்சைக்கு வாசித்துவிட்டு வருகிற நாயனக்காரர். பாட்டு முடிகிற வரைக்கும் நின்று கேட்டார். அப்புறம், "ராகம் தப்பு" என்றார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யோவ் பெருசு, உனக்குக் கச்சேரி வரலேன்னா ராஜா என்ன பண்ணுவாரு?"

கடைக்கார அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. டிராயரிலிருந்து சில்லறையை எடுத்து என் கையில் வைத்து, "நாலு டீ வாங்கிட்டு வா" என்றார். தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி வெளியே போட்டு, துண்டால் துடைத்து, "உட்காருங்கண்ணே. எந்த இடம் தப்பு?" என்று கேட்டார்.

எந்த இடம். இந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

நான் டீயோடு திரும்பியபோது நாயனக்காரர் பாடிக்கொண்டிருந்தார். சந்தில் சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு போகின்றன, அவர் தொடையில் தாளம் போட்டு அதே கீர்த்தனையைக் காம்போதியில் பாடுகிறார். குரல் ஒன்றும் நன்றாக இல்லை. பல்லவியை இரண்டு தடவை பாடிவிட்டு நிறுத்திச் சொன்னார்: "திரும்பத் திரும்பக் கெஞ்சறேனே, உன் மனசுல இரக்கம் வரலியான்னு ராமரைக் கேக்கறாரு. காம்போதில 'க' ஸ்வரம் மேல நிக்கும், அந்தர காந்தாரம். கெஞ்சினாலும் தலை நிமிந்து நிக்கும். அவருக்கும் ராமருக்கும் அவ்வளவு பழக்கம்ங்க. உரிமையா கேக்கறாரு. சாரமதில அதே 'க' கீழ இறங்கிடும், சாதாரண காந்தாரம். குனிஞ்சுடுச்சு. அழுவுது. தியாகராஜர் இந்த இடத்துல அழுவலை."

எங்களில் ஒருவன், பாட்டு கற்றுக்கொண்டிருந்தவன், மெதுவாகக் கேட்டான்: "சினிமால பாடறது தியாகராஜர் இல்லீங்களே. பெரிய பாடகரோட கச்சேரிக்கு நடுவுல எந்திரிச்சுப் பாடற ஒரு பொண்ணு. நாட்டுப்பாட்டுலேருந்து கீர்த்தனைக்குப் போகணும்னா ரெண்டும் ஒரே ராகத்துல இருந்தாத்தானே போகலாம்?"

நாயனக்காரர் யோசித்தார். கடைக்காரரைப் பார்த்து, "அந்த மாற்ற இடத்தை மட்டும் திரும்பப் போடுங்க" என்றார். அண்ணன் ஊசியைத் தூக்கி, தட்டின் வரியைக் குனிந்து பார்த்து, நுனி விரலால் இறக்கினார். நாயனக்காரர் கேட்டார். மறுபடி. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டார். "தைச்ச இடம் தெரியலை" என்றார். டீயைக் குடித்து முடித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆனா ராகம் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாளாவது வருவார். வந்ததும், "தம்பி, அந்தத் தப்புப் பாட்டைப் போடு" என்பார். அந்தப் பாட்டுக்காகச் சித்ராவுக்குத் தேசிய விருது அறிவித்ததும், அதே படத்துக்காக ராஜாவுக்கும் கிடைத்ததும், நாங்கள் பேப்பரை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிக் கோயிலுக்கே ஓடினோம். வாங்கிப் படித்தார். "ரொம்ப சந்தோஷம். பொண்ணு என்னமா பாடியிருக்கு! ராகம் தப்புதான்."

காம்போதிக்கும் சாரமதிக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும் என்றால், அது அந்த ஸ்டூல் போட்ட பிச்சை. அவரை விரட்டியிருந்தால் இன்றைக்கும் 'ராஜா ராஜாதான்' என்று கத்திக்கொண்டிருப்பேன், ராஜா செய்தது என்ன என்று தெரியாமலே. ராஜா செய்த காரியத்தின் துணிச்சல் எனக்குப் புரிந்தது, அதைத் தப்பு என்று சொன்னவர் வாயிலாகத்தான்.

நண்பரே, மரியாதையோடு பேசப் பழக்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 'தாழ்மையான வாசகன்' என்று வேறு. எனக்கு இந்தத் தாழ்மையைக் கண்டாலே ஆகாது. 'என் தாழ்மையான கருத்து' என்று ஆரம்பிக்கிற எவனும் தாழ்மையாக முடித்து நான் பார்த்ததில்லை. நாயனக்காரர் 'மன்னிக்கணும்' என்றோ 'தப்பா எடுத்துக்காதீங்க' என்றோ சொல்லவில்லை. ஒரே போடாக 'ராகம் தப்பு' என்றார். ஆனால் பாட்டை முழுக்க நின்று கேட்டுவிட்டுச் சொன்னார். எங்கே தப்பு என்று பாடிக் காட்டினார். பையன் கேட்ட கேள்விக்காக ஊசியை மூன்று தடவை இறக்க வைத்தார். இதற்கு மேல் மரியாதை எனக்குத் தெரியாது. காதை டாக்டரிடம் காட்டச் சொன்ன உங்கள் பையன் அதையே 'ஐயா, தயவுசெய்து' போட்டுச் சொல்லியிருந்தால் உங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்குமோ?

உங்கள் பெரியவரையும் விடப்போவதில்லை. "பாதி ஒட்டவில்லை" என்றால் எந்தப் பாதி? எந்தப் பாட்டு, எந்தச் சரணம், இசைத்துண்டா, தாளத்துக்கு வருகிற சத்தமா, பாடகர்களா? கையாலடித்த தபேலா போய்விட்டது என்கிறாரா, இல்லை, தன் வயசு போய்விட்டது என்கிறாரா? மொத்தமாகப் பாதியைத் தள்ளினால் எதிரில் இருப்பவனும் மொத்தமாகத்தான் எழுந்து நிற்பான். ஆனால் அதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவரை யாரும் கேட்கவில்லையே. 'எந்த இடம்' என்று ஒரு ஆள் கேட்டிருந்தால் அவர் யோசித்திருப்பார். பாதி என்பது பத்துப் பாட்டாகக் குறைந்திருக்கும். பத்தும் ஒருவேளை ஒரே ஒரு பாட்டில், ஒரே ஒரு வயலின் வரவேண்டிய இடத்தில் வந்து நின்றிருக்கும். அங்கே அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அதை உங்கள் நாற்பது பேரும் சேர்ந்து இழந்துவிட்டீர்கள்.

அந்தக் கடை இப்போது செல்போன் உறை விற்கிற கடையாகிவிட்டது. நாயனக்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம் என்று தோன்றிய வயதில் அவர் இல்லை. கடைக்கார அண்ணனிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். அவருக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. "டீக்கு நீ பாக்கிச் சில்லறை குடுத்தியா?" என்று கேட்டார்.

ரசிகனாக இருந்துகொண்டே குறை சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். மறந்தே போனேன். முடியும்.

அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். பெரியவர் வீட்டுக்கு நேரில் போங்கள். போனில் வேண்டாம், போனில் அவர் 'அதெல்லாம் ஒண்ணுமில்லை தம்பி' என்று முடித்துவிடுவார். அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள், வரமாட்டேன் என்றாலும். பாட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடம் என்று அவர் சொன்னால் எனக்கும் எழுதுங்கள். 2000க்குப் பிறகு என்றால் என்னிடமும் இரண்டு இடம் இருக்கிறது, சரிதானா என்று பார்க்க வேண்டும்.