மோடம் கத்துகிறது, இணையம் வரவில்லை: லினக்ஸ் கேள்வி பதில்

"லினக்ஸ் போட்டுவிட்டேன், இணையம் மட்டும் வரவில்லை." டயல்-அப் காலத்தில், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டவர்களிடம் திருமங்கலத்திலிருந்து மேலூர் வரை இதே புலம்பல்தான். அப்போது மதுரை நகருக்குள் சில தெருக்களுக்குத்தான் பிராட்பேண்ட் வந்திருந்தது. சுற்று வட்டாரத்துக்குத் தொலைபேசிக் கம்பியும், அதன் வழியே கணினியை இணையத்தோடு சேர்க்கும் மோடம் என்ற கருவியும்தான் கதி. வந்து குவிந்த கேள்விகளில் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி கேட்கும் முன் மூன்று வாசல்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கணினிக்கு மோடம் தெரிகிறதா? மோடத்துக்கு லைன் கிடைக்கிறதா? எதிர்முனை, அதாவது இணையச் சேவை தரும் நிறுவனத்தின் கணினி, உங்களை உள்ளே விடுகிறதா? எந்த வாசலில் நிற்கிறீர்கள் என்று சொல்லாமல் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடிப்பவர்களில் பலர் முதல் வாசலையே தாண்டியிருக்க மாட்டார்கள்.

திருமங்கலம், பள்ளி ஆசிரியர்: கணினியோடு வந்த உள் மோடம் விண்டோஸில் நன்றாக ஓடுகிறது. லினக்ஸில் "மோடம் இல்லை" என்கிறது. மோடம் பழுதா, லினக்ஸ் பழுதா?

இரண்டும் இல்லை ஐயா. உங்களிடம் இருப்பது பாதி மோடம். முழு மோடத்தில் ஒலிக்கும் எண்ணுக்கும் நடுவே கணக்குப் போடும் சில்லும் (சிப்), கட்டளைகளைக் கேட்டு நடக்கும் கட்டுப்பாட்டுச் சில்லும் அட்டையிலேயே இருக்கும். விலையைக் குறைப்பதற்காக அவற்றை எடுத்துவிட்டு, அந்த வேலையைக் கணினியின் பிராசஸர் தலையில் கட்டிவிட்டார்கள். அதைச் செய்ய ஒரு டிரைவர் மென்பொருள் வேண்டும். விண்டோஸுக்கு மட்டும் அதை எழுதிக் குறுந்தகட்டில் கொடுத்தார்கள். அதனால்தான் இந்த வகைக்கு வின்மோடம் என்று பெயர் விழுந்தது.

வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்து அட்டையில் எந்த நிறுவனத்தின் சில் இருக்கிறது என்று பாருங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரை நம்ப வேண்டாம். உள்ளே இருக்கும் சில்தான் கணக்கு. ஸ்கேன்மோடம் என்ற ஸ்கிரிப்ட் இதை இன்னும் விளக்கமாகச் சொல்லும். லூசென்ட் சில் என்றால் எல்டிமோடம் டிரைவர் இருக்கிறது. ஸ்மார்ட் லிங்க் என்றால் எஸ்எல்மோடம். அது ஓடத் தொடங்கியதும் டிடிஒய்எஸ்எல்0 என்ற புதிய போர்ட் (மோடத்தோடு பேசும் இணைப்பு முனை) முளைக்கும். கோனெக்ஸன்ட் எச்எஸ்எஃப் வகைக்கு லினக்சன்ட் நிறுவனத்தின் டிரைவர் வந்தது. ஆனால் அதன் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் போகவில்லை. முழு வேகத்துக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது.

இந்த டிரைவர்களை லினக்ஸின் உட்கருவான கர்னலின் பதிப்புக்குப் பொருந்தக் கட்ட வேண்டும். அடுத்த முறை கர்னலைப் புதுப்பித்தால் மோடம் மறுபடி காணாமல் போகும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்ற கூத்தும் உண்டு. ஒரு மாலைப் பொழுது முயன்று பாருங்கள். ஸ்மார்ட் லிங்கோ லூசென்ட்டோ இல்லையென்றால் அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

அவரே: அப்படியானால் எதை வாங்குவது?

சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம். கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்வேன். தனி மின் அடாப்டர், முகப்பில் விளக்கு வரிசை, பின்னால் 25 முனை சாக்கெட் இருந்தால் அது பெரும்பாலும் முழு மோடம்தான். கணினிப் பக்கம் 9 முனை. இணைக்கும் கேபிளையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். டவுன் ஹால் ரோட்டில் விலை விசாரிக்கும்போது "லினக்ஸில் ஓடுமா" என்று கேட்டால் கடைக்காரர் எதற்கும் தலையாட்டுவார். விண்டோஸுக்கு முந்திய டாஸ் இயங்குதளத்தைச் சொல்லி, "டாஸில் ஓடுமா" என்று கேளுங்கள். டாஸில் டிரைவர் இல்லாமல் ஓடுவது லினக்ஸிலும் ஓடும். யூஎஸ்பி மோடம் வாங்குவதானால் எச்சரிக்கை: சில வகைகள் டிடிஒய்ஏசிஎம்0 என்று தானாகவே எழுந்து நிற்கும், மற்றவை யூஎஸ்பி வேடம் போட்ட வின்மோடம்.

வில்லாபுரம், கல்லூரி மாணவர்: அண்ணா, வெளி மோடத்தை மாட்டிவிட்டேன். விண்டோஸில் காம்1 என்று தேர்ந்தெடுப்பேன். இங்கே காம்1 எங்கே இருக்கிறது?

டெவ் அடைவுக்குள் (கோப்புறைக்குள்) இருக்கிறது தம்பி. காம்1 இங்கே டிடிஒய்எஸ்0, காம்2 டிடிஒய்எஸ்1. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் ஒன்று குறையும், அவ்வளவுதான்.

முதலில் மோடத்தோடு நேரடியாகப் பேசும் மினிகாம் நிரலைத் திறந்து அந்தப் போர்ட்டைக் காட்டி, ஏடி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டு. ஓகே என்று பதில் வந்தால் முதல் வாசலைத் தாண்டிவிட்டாய். அடித்த எழுத்தே திரையில் தெரியவில்லை என்றால் போர்ட் தவறு, அல்லது கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது பயாஸில் (கணினி எழும்பும்போது வரும் அமைப்புத் திரை) சீரியல் போர்ட்டை யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஓகே வந்த பிறகு மினிகாமை மூடிவிட்டு, ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள பயனராக) நுழைந்து, டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலை அமைக்க டபிள்யூவிடயல்கான்ஃப் கட்டளையை ஓட்டு. அது போர்ட்டுகளைத் துழாவி மோடத்தைக் கண்டுபிடித்து, ஈடிசி அடைவில் டபிள்யூவிடயலுக்கான அமைப்புக் கோப்பை எழுதி வைக்கும். அந்தக் கோப்பில் தொலைபேசி எண், பயனர் பெயர், கடவுச்சொல் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றின் தொடக்கத்திலும் ஓர் அரைப்புள்ளி நிற்கும். அரைப்புள்ளி நிற்கும் வரியை நிரல் படிக்காது. எண்ணைச் சரியாக நிரப்பிவிட்டு அந்த அரைப்புள்ளியை அப்படியே விட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் ஏராளம். அதை நீக்கிச் சேமித்த பிறகு டபிள்யூவிடயல் என்று அடித்தால் டயல் செய்யும். அந்நாளில் கேடிஇ என்ற திரைச்சூழல் வைத்திருந்தவர்களுக்கு கேபிபிபி என்ற சாளரம் இதையே பொத்தான்களோடு செய்தது. ஆனால் சிக்கல் வந்தால் கறுப்புத் திரைதான் உண்மையைச் சொல்லும்.

உசிலம்பட்டி, பிரவுசிங் சென்டர் நடத்துபவர்: "நோ டயல்டோன்" என்று வருகிறது. அதே லைனில் போனை மாட்டினால் நன்றாகக் கேட்கிறது. என்ன செய்வது சார்?

இதற்கு மூன்று காரணங்களைப் பார்த்திருக்கிறேன் அம்மா. முதலில் மோடத்தின் பின்புறத்தைப் பாருங்கள். லைன் என்று ஒரு துளை, போன் என்று ஒரு துளை இருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பி லைன் துளையில்தான் நுழைய வேண்டும்.

அது சரியாக இருந்தால், உங்கள் லைனில் வரும் டயல் ஒலி மோடம் எதிர்பார்க்கும் ஒலி மாதிரி இல்லாமல் இருக்கலாம். இன்டர்காம் பெட்டி வழியாகப் போகும் லைன்களில் இது சகஜம். அமைப்புக் கோப்பின் இனிட் வரியில் (மோடத்தைத் தயார் செய்யும் கட்டளை வரி) ஏடிஎக்ஸ்3 சேருங்கள். ஒலிக்குக் காத்திராமல் மோடம் டயல் செய்துவிடும். வெளி லைனுக்கு 0 அழுத்த வேண்டிய இடமென்றால் எண்ணுக்கு முன்னால் 0 போட்டு ஒரு காற்புள்ளி வையுங்கள். மோடம் அந்தக் காற்புள்ளியில் வழக்கமாக 2 விநாடி நின்று மேலே போகும். டயல் செய்த பிறகும் அந்த ஒலி அறுபடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், உங்கள் எக்ஸ்சேஞ்ச் டோன் முறையை ஏற்கவில்லை என்று பொருள். டயல் கட்டளையை ஏடிடிடி என்பதிலிருந்து ஏடிடிபி என்று மாற்றினால் பழைய பல்ஸ் முறையில் கட்கட் என்று சுற்றும்.

மூன்றாவது காரணம் இடி. ஐப்பசி மழையிலும் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் நம் பக்கம் மின்னல் வெட்டும்போது, தொலைபேசிக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி மோடத்தின் லைன் பக்கத்தைச் சுட்டுவிடும். கணினிப் பக்கம் உயிரோடு இருக்கும், ஏடி என்றால் ஓகே என்று மரியாதையாகப் பதில் சொல்லும், டயல் ஒலி மட்டும் கேட்காது. நேற்று வரை ஓடி, மழைக்கு மறுநாள் நின்றிருந்தால் இதுவாகத்தான் இருக்கும். மேகம் கறுத்ததும் கரன்ட் பிளக்கை மட்டும் பிடுங்குகிறார்கள். தொலைபேசிக் கம்பியையும் பிடுங்க வேண்டும்.

மேலூர், அரிசி ஆலைக் கணக்கர்: கீச்சென்று கத்தி முடிந்ததும் திரையில் குப்பை மாதிரி எழுத்துகள் ஓடுகின்றன. பிறகு இணைப்பு அறுந்துவிடுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை, நல்ல சகுனம். ~}#@!}!} } என்ற தோரணையில்தானே ஓடுகிறது? அது தொலைபேசி லைன் வழியே இரு கணினிகள் பேசிக்கொள்ளும் பிபிபி நெறிமுறையின் பேச்சு. ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் எல்லையிலும் 126 என்ற எண் நிற்கும். அதைத் திரையில் போட்டால் ~ குறி. நடுவில் வரும் } குறி 125. எதிர்முனைக் கணினி "என்னோடு பிபிபியில் பேசு" என்று தட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் மோடம், லைன், எண் எல்லாம் சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதன் பிறகு அறுந்தால் கடைசி வரிகளைப் படியுங்கள். பிபிபியை நடத்தும் பிபிபிடி நிரல் சாகும்போது ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் சாகும். 19 என்றால் எதிர்முனை உங்கள் பெயரையோ கடவுச்சொல்லையோ ஏற்கவில்லை. பெரிய எழுத்து சிறிய எழுத்தைச் சரிபாருங்கள், கணக்கின் மணி நேரம் தீர்ந்துவிட்டதா என்றும் பாருங்கள். 16 என்றால் மோடம் போனை வைத்துவிட்டது. லைன் இரைச்சல், அல்லது நடுவில் யாரோ அதே லைனில் மாட்டிய இன்னொரு போனை (பேரலல் போன்) எடுத்திருக்கிறார்கள். 10 என்றால் இரு முனையும் பேசி ஒத்துப்போகவில்லை.

டபிள்யூவிடயல் சில இடங்களில் லாகின் கேள்விக்காகக் காத்துக்கொண்டே நேரத்தைக் கடத்திவிடும். கோப்பில் ஸ்டுபிட் மோட் என்ற வரிக்கு யெஸ் என்று கொடுங்கள். இணைந்த உடனே பிபிபிடியைக் கிளப்பிவிடும். பெயர்தான் அப்படி, பல நேரம் அதுதான் புத்திசாலித்தனமான வழி. எஸ்எல்மோடம் வைத்திருப்பவர்கள் கேரியர் செக் என்ற வரிக்கு நோ கொடுக்க வேண்டும்.

சோழவந்தான்: இணைந்துவிட்டது, ஐபி முகவரியும் வந்துவிட்டது. ஒரு பக்கமும் திறக்கவில்லை.

மூன்று வாசலையும் தாண்டி முற்றத்தில் நிற்கிறீர்கள். இணைந்ததும் திரையில் இரண்டு ஐபி முகவரிகள் வந்திருக்கும். அதில் எதிர்முனையின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். அது வந்து, பெயர் கொடுத்தால் மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றும் சேவை) சிக்கல். பிபிபிடி விருப்பங்களில் யூஸ்பியர்டிஎன்எஸ் சேருங்கள். ஈடிசி அடைவின் ரிசால்வ் கோப்பில் நேம்சர்வர் வரி எழுதப்படுகிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் வெளியே எதுவும் எட்டவில்லை என்றால் கணினியில் நெட்வொர்க் அட்டை இருக்கிறதா? அதற்கு என்றோ ஒரு கேட்வே (வெளியே போகும் வழி) முகவரி கொடுத்திருப்பீர்கள். டிஃபால்ட் ரூட் (பொட்டலங்கள் வழக்கமாக வெளியேறும் பாதை) ஏற்கெனவே இருப்பதால் பிபிபிடி அதைத் தொடாமல் விட்டுவிடும். உங்கள் பொட்டலங்களெல்லாம் யாருமில்லாத ஈத்0 (அந்த நெட்வொர்க் அட்டை) பக்கம் போய்க்கொண்டிருக்கும். அந்த கேட்வேயை நீக்கிவிட்டு மறுபடி டயல் செய்யுங்கள்.

அனுப்பானடி: ரூட்டாக நுழைந்தால் ஓடுகிறது, என் பெயரில் நுழைந்தால் "அனுமதி இல்லை" என்கிறது.

உங்கள் லினக்ஸ் வகை டெபியன், உபுண்டு என்றால் உங்கள் பெயரை டயல்அவுட், டிஐபி ஆகிய இரு குழுக்களிலும் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழையுங்கள். தினமும் ரூட்டாகவே இணையத்தில் உலவுவது வேண்டாம்.

திருப்பரங்குன்றம், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: 56 கே மோடம் என்று வாங்கினேன். சில நாள் 115200 என்று காட்டுகிறது, சில நாள் 33600. எது உண்மை?

115200 என்பது கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே உள்ள சீரியல் கேபிளின் வேகம். லைனில் என்ன கிடைத்தது என்பதை அது சொல்லாது. பல மோடங்களில் இனிட் வரியில் டபிள்யூ2 சேர்த்தால் உண்மையான வேகத்தைக் காட்டும். 56 என்பது இறக்குவதற்கு மட்டுமான உச்சம், 56 கே மோடங்களுக்கான வி.90 தரத்தில் அனுப்பும் வேகம் 33.6ஐத் தாண்டாது. அதுவும் உங்கள் வீட்டுக்கும் எதிர்முனைக்கும் நடுவே ஒரே ஓர் இடத்தில்தான் ஒலி எண்ணாக மாற வேண்டும். இன்னோர் இடத்தில் மாறினால் 33.6க்கு இறங்கிவிடும்.

லைனைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். போனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் ஒலி நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரப்போ சலசலப்போ கேட்டால் லைன் மோசம். மழைக்குப் பிறகு மட்டும் கேட்டால் எங்கோ இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கிறது. தொலைபேசி நிறுவனத்துக்குப் புகார் கொடுக்கும்போது "இன்டர்நெட் மெதுவாக வருகிறது" என்று சொல்லாதீர்கள். "பேச்சில் கரகரப்பு" என்று சொல்லுங்கள், லைன்மேன் வருவார்.

வாடிப்பட்டி: புதிய பதிப்பின் சிடியை டயல்-அப்பில் இறக்கலாமா?

நொடிக்கு 5 கிலோபைட் என்று வைத்தால் 700 மெகாபைட்டுக்கு ஏறத்தாழ 40 மணி நேரம். நண்பரிடம் சிடி வாங்கி நகல் எடுங்கள். சிறிய கோப்புகளுக்கு டபிள்யூகெட்டைச் சி விருப்பத்தோடு ஓட்டினால் அறுந்த இடத்திலிருந்து தொடரும்.

ஒத்தக்கடை: கைபேசியை மோடமாக வைக்க முடியுமா?

டேட்டா கேபிளில் மாட்டி டிடிஒய்ஏசிஎம்0 வந்தால் மற்றதெல்லாம் மேலே சொன்னதுதான். ஜிபிஆர்எஸ் வகைக் கைபேசி இணைப்பு என்றால் எண்ணுக்குப் பதில் *99#; இப்போது நிறுத்தப்பட்டுவிட்ட சிடிஎம்ஏ வகையில் அது #777 ஆக இருந்தது. ஜிபிஆர்எஸுக்கு உங்கள் கைபேசி நிறுவனத்தின் ஏபிஎன் (இணைய நுழைவாயில்) பெயரையும் இனிட் வரியில் சேர்க்க வேண்டும்.

அதே உசிலம்பட்டி அம்மா: சாளரத்தை மூடிய பிறகும் லைன் பிசியாகவே இருக்கிறது. பில் ஏறுமே!

ஏறும். டபிள்யூவிடயல் ஓடும் டெர்மினலில் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தி நிறுத்த வேண்டும். உலாவியை மூடினால் இணைப்பு அறாது. மோடத்தின் முகப்பில் ஓஎச் என்று ஒரு விளக்கு இருக்கும்; அது எரிந்தால் லைன் இன்னும் மோடத்தின் கையில்தான். கட்டளைக்கு அடங்கவில்லை என்றால் மோடத்தின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. மறதி இருந்தால் பிபிபிடி விருப்பங்களில் ஐடில் 300 என்று எழுதி வையுங்கள். 5 நிமிடம் போக்குவரத்து இல்லாவிட்டால் தானாகவே துண்டிக்கும். ஆனால் பின்னணியில் மெயில் நிரல் அடிக்கடி எட்டிப் பார்த்தால் அந்த 5 நிமிடம் ஒருநாளும் வராது. அதையும் மூடிவிட்டுக் கடையைப் பூட்டுங்கள்.