‘ஷூகேஸ்’ (shoegaze) என்கிற கிடார் ராக் பாணிப் பாடல்களில் பாடுபவரின் குரலே சரியாகக் கேட்பதில்லையே, இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

யாரோ நண்பர் அனுப்பிய பாட்டை மொபைல் ஸ்பீக்கரில் போட்டு, அரை நிமிடத்தில் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸும் வராது, கிடாரின் அடுக்குகளும் பிரியாது. இரைச்சல்தான் மிஞ்சும்.

நான் பதில் எழுதக் காரணம் என் அப்பா. பெரம்பூரில் முப்பது வருடம் மைக் செட் வாடகைக்கு விட்டவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ் ஊற்றல், கட்சிக் கூட்டம் என்று அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் போகாத தெரு இல்லை. பாடுகிறவர் சொல்லும் ஒவ்வொரு எழுத்தும் கடைசி வரிசை நாற்காலி வரை தெளிவாகப் போக வேண்டும் என்பது அவருக்கு மானப் பிரச்சினை. மைக் ஒருமுறை கூவிவிட்டால் அன்று இரவு சரியாகச் சாப்பிட மாட்டார்.

வேலை இல்லாத ஒரு நாள், கூடத்தில் நின்ற அவருடைய பெட்டியில்தான் ‘ரைட்’ (Ride) என்ற இங்கிலாந்து ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘நோவேர்’ போட்டேன். 1990இல் வந்தது. ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த நான்கு பேர், அப்போது இருபதை ஒட்டிய வயது. அட்டையில் ஒரு கடல் அலை. முதல் பாட்டே கிடார் ஃபீட்பேக்கில், அதாவது அப்பா வாழ்நாள் முழுக்க அடக்கப் பார்த்த அந்தக் கூவலில்தான் தொடங்கும்.

அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். வால்யூமைக் குறைத்தார். பெட்டியின் முன்வலையைக் கழற்றி, கோன் மேல் இரண்டு விரலை மெல்ல வைத்துப் பார்த்தார்.

“கோன் கிழியல. ஒயரும் சரியாத்தான் இருக்கு. ரெக்கார்டிங்கே தப்பாடா?”

“இல்லப்பா, வேணும்னேதான் அப்படிப் பண்ணியிருக்காங்க.”

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூன்று பாட்டு கழித்துச் சொன்னார்: “குரலை முன்னாடி கொண்டாரல. கிடாருக்கு நடுவுல இன்னொரு வாத்தியம் மாதிரி வச்சிருக்கான். நாகஸ்வரம் கேக்கறப்போ வரி எங்கன்னா தேடுறோம்?”

இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. டிஸ்டார்ஷன், ரிவெர்ப், டிலே என்று ஒலியைக் கரகரக்கவும் எதிரொலிக்கவும் வைக்கிற, காலால் மிதிக்கும் பெடல்களை வரிசையாக வைத்து ஒரே கிடாரைப் பத்துக் கிடார் போல விரிப்பார்கள். பெடல் தரையில் இருப்பதால் மேடையில் குனிந்தபடியே வாசிப்பார்கள். அதைப் பார்த்து, காலணியை வெறிப்பவர்கள் என்று பிரிட்டன் பத்திரிகைகள் கிண்டலாக வைத்த பெயர்தான் ஷூகேஸ்.

இப்படிச் சொன்னால், ‘அப்ப வரியே வேண்டாமா?’ என்று சிலர் வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கண்ணதாசன் வரியைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்க வேண்டியதில்லை என்கிறேன், அவ்வளவுதான். இது மேல்தட்டுப் பையன்களின் ரசனை என்பவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து மைக் செட்காரருக்குப் பாக்கி வைக்காதீர்கள். சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அன்றே கணக்கு முடிக்கிற வீடுகள், அப்பாவை மட்டும் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டு வெறுங்கையோடு வருவார். அவருடைய நீல அட்டைக் கணக்கு நோட்டில் வராத பாக்கி இன்னும் பக்கம் பக்கமாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். நல்ல ஹெட்போனோ பெரிய ஸ்பீக்கரோ இருந்தால் அதே ‘நோவேர்’ ஆல்பத்தின் எட்டாவது பாட்டான ‘வேப்பர் டிரெயில்’லில் தொடங்குங்கள். இருப்பதில் மென்மையானது அதுதான். கடைசியில் வயலினும் செல்லோவும் வந்து சேரும். அன்றைக்கு அந்த இடம் வந்ததும் அப்பா எழுந்து போய், ட்ரெபிளை ஒரு துளி இறக்கிவிட்டு, “திரும்பப் போடு” என்றார்.