அடிமைக்கு விடுதலை, ஆண்டைக்குப் பணம்

கேள்வி: அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் அரசு, அடிமைகளுக்கு அல்லாமல் அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்கே இழப்பீடு கொடுத்தது என்றும், அதற்கு வாங்கிய கடன் 2015இல்தான் தீர்ந்தது என்றும் படித்தேன். நம்பலாமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: நம்பலாம், கடன் பற்றிய செய்திக்கு மட்டும் சிறு விளக்கம் தேவை.

அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1 முதல் மேற்கிந்தியத் தீவுகளிலும், அடுத்த சில மாதங்களில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலும் மொரீஷியஸிலும் நடப்புக்கு வந்தது. விடுதலை பெற்றவர்கள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் சொத்து; சொத்தை அரசு எடுத்துக்கொண்டால் விலை தரவேண்டும் என்று தோட்ட முதலாளிகளும் நாடாளுமன்றத்தில் இருந்த அவர்களுடைய ஆட்களும் பிடிவாதமாக வாதாடினர். ஒன்றரைக் கோடி பவுண்டு கடனாகத் தரலாம் என்றுதான் அரசு முதலில் சொன்னது. பேரம் முடிந்தபோது அது திருப்பித் தர வேண்டாத 2 கோடி பவுண்டாகியிருந்தது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் இது சுமார் 40 விழுக்காடு. இதில் ஒன்றரைக் கோடியை லண்டன் நிதியதிபர்களான நாதன் ரோத்ஸ்சைல்டும் மோசஸ் மான்டிஃபியோரியும் முன்னின்று 1835இல் கடனாகத் திரட்டிக் கொடுத்தனர்.

பணத்தைப் பங்கிட்ட முறையைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். மேஸ்திரி, கைத்தொழில் தெரிந்தவர், வயலில் உழைப்பவர், முதியவர், நோயாளி என்று மனிதர்களை வகை பிரித்து, அந்தந்தக் குடியேற்றத்தின் பழைய விற்பனை விலைகளைக் கொண்டு தலைக்கு இவ்வளவு என்று இழப்பீட்டுக்கான அரசு ஆணையம் கணக்கிட்டது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் ஒரு வகை இருந்தது. அவர்களுக்காகவும் முதலாளிதான் பணம் பெற்றார். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன், 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு பெற்றார். விடுதலையானவர்களுக்கு ஒரு காசும் இல்லை. அதுமட்டுமன்று, ஆறு வயதைத் தாண்டியவர்கள் ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் பழைய ஆண்டையிடமே கூலியின்றித் தொடர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. வயல் வேலையில் இருந்தவர்களுக்கு ஆறு ஆண்டு என்று விதித்திருந்த அந்த ஏற்பாடு, எதிர்ப்பு வலுத்ததால் மேற்கிந்தியத் தீவுகளில் 1838 ஆகஸ்டிலேயே முடிவுக்கு வந்தது. அந்த நான்கு ஆண்டு இலவச உழைப்பும் இழப்பீட்டின் ஒரு பகுதியே என்பது என் கருத்து.

கடனைப் பொறுத்தவரை, 1835இல் வாங்கியதற்கு 2015 வரை மாதத் தவணை கட்டினார்கள் என்று எண்ண வேண்டாம். அது அரசின் நீண்டகாலக் கடனோடு கலந்து, புதுப்புதுப் பத்திரங்களாக மாறிக்கொண்டே வந்தது; அவற்றில் எஞ்சியவை 2015இல் மீட்கப்பட்டன. இதைப் பிரிட்டன் நிதித்துறையே 2018இல் ட்விட்டரில் பெருமையாக அறிவித்துவிட்டு, கண்டனம் கிளம்பியதும் பதிவை நீக்கியது.

கேள்வி: நம் ஊர்ப் பண்ணை முதலாளிகளுக்கும் இப்படிப் பணம் கிடைத்ததா?
– வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்: இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் 1833ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. இங்கே 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், ஒருவரை அடிமை என்று சொல்லி எவரும் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றதோடு நின்றது. யாரையும் விலைக்கு வாங்கி விடுவிக்காததால் இழப்பீடும் இல்லை. கடனைக் காட்டிப் பண்ணையாளைக் கட்டிவைக்கும் வழக்கத்துக்கு அதன் பிறகும் இடம் இருந்தது. அதற்கென்று நாடு முழுவதற்குமான தனிச் சட்டம் 1976இல்தான் வந்தது. அது கொத்தடிமைக் கடன்களை அப்படியே ரத்து செய்தது.