ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் ரீச் ஸ்டாக்கருக்கு மாறலாமா?

சேலத்தில் ஜவ்வரிசி குடோனில் மூன்று டன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன், தூத்துக்குடி கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் (நீளும் கையால் கன்டெய்னர் பெட்டியைத் தூக்கி அடுக்கும் வண்டி) ஓட்டக் கூப்பிடுகிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சங்ககிரிக்காரன். தூத்துக்குடிப் பக்கம் ஒன்பது வருஷம் அந்த வண்டிதான் ஓட்டினேன். தாராளமாகப் போங்கள்.

ஒன்றை மட்டும் முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 45 டன் தூக்கும் என்பார்கள். அது முன்வரிசைப் பெட்டிக்கு மட்டும்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடக்கலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் இறங்கிவிடும். வண்டியின் நீளும் கையான பூமும் அப்படித்தான். பொதுவாக இரண்டாம் வரிசையில் 30 டன் சொச்சம், மூன்றாம் வரிசையில் 15 டன் அளவுதான் தாங்கும்.

நம்ம ஊர்ச் சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். துண்டும் பெட்ஷீட்டும் 40 அடிப் பெட்டி நிறைய அடைத்தாலும் பெரிதாக எடை வராது. கிரானைட் அப்படியில்லை. 20 அடிப் பெட்டியில் பாதிக்குமேல் இடம் காலியாகக் கிடக்கும்போதே எடை எல்லையைத் தொட்டுவிடும். பெட்டியோடு சேர்த்து வழக்கமான உச்சம் 30,480 கிலோ. அந்தப் பெட்டி மூன்றாம் வரிசையில் இருந்தால், முன்னால் இருப்பதை எல்லாம் நகர்த்திவிட்டு நெருங்கித்தான் எடுக்க வேண்டும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் எட்டி எடுக்காதீர்கள். வண்டியின் பின்பக்கம் எழும்பிவிடும்.

அடுத்தது லாக். ஃபோர்க்லிஃப்ட்டில் அடியில் கொடுத்துத் தூக்கிப் பழகியிருப்பீர்கள். இங்கே பூம் நுனியில் இருக்கும் ஸ்ப்ரெடர் என்ற பிடிச்சட்டம் மேலிருந்து இறங்கும். நான்கு மூலை ஓட்டைகளிலும் ட்விஸ்ட்லாக் நுழைந்து, 90 டிகிரி திரும்பிப் பிடித்துக்கொள்ளும். நான் ஓட்டிய வண்டியில் சரியாக உட்கார்ந்தால் ஆரஞ்சு விளக்கு, பூட்டினால் பச்சை. பச்சை வந்ததும் நேராகத் தூக்கிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் பெட்டியோடு டிரெய்லரும் சேர்ந்து எழும்பியது. பெட்டியை டிரெய்லரோடு பிடித்திருக்கும் லாக் ஒன்றை அதன் டிரைவர் திறக்க மறந்திருக்கிறார். பின்சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் மேலே தொங்க, கேபினில் அவர் உட்கார்ந்திருக்கிறார். மெல்ல இறக்கி வைத்தேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ஒரு சாண் தூக்குவேன், நிறுத்துவேன், நான்கு மூலையையும் டயரையும் பார்ப்பேன், அப்புறம்தான் மேலே.

வண்டியே ஏறக்குறைய 70 டன். பெட்டியைத் தூக்கியதும் பாரத்தில் பெரும்பகுதி முன் டயருக்கு வந்துவிடும். அதனால் நகரும்போது பூமை இறக்கி, உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். வளைவில் இன்னும் மெதுவாகத் திருப்புங்கள்.

முடிந்தால் முதல் சில மாதம், காலிப் பெட்டி மட்டும் தூக்கும் எம்ட்டி ஹேண்ட்லரில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். 20 அடிக் காலிப் பெட்டி இரண்டேகால் டன்தான் இருக்கும். உயரமும் கண்கணக்கும் அதில் பிடிபட்டுவிடும். லோடு பெட்டிக்கு அப்புறம் வரலாம்.