போர்க்கால விமானங்களின் மாதிரிகளை வரலாற்றுத் துல்லியத்துடன் செய்வது எப்படி? பெட்டியில் உள்ள வழிகாட்டியைப் பின்பற்றினால் போதாதா?

பெட்டியில் உள்ள வழிகாட்டியை ஒழுங்காகப் பின்பற்றினால் அழகான ஒரு மாதிரி கிடைக்கும். அது வரலாற்றுக்குப் பொருந்துமா என்பது, வழிகாட்டியைத் தயாரித்தவர் எந்த விமானத்தை, எந்த மாதத்தில் இருந்த நிலையில் மனத்தில் வைத்திருந்தார் என்பதைப் பொறுத்தது. சேலத்தில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக இரண்டாம் உலகப் போர்க் கால விமானங்களை 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்காக) செய்து வருபவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: "ஹரிக்கேன் விமானம் செய்யப் போகிறேன்" என்று தொடங்காதீர்கள். ஹரிக்கேன் 14,000-க்கும் மேல் உற்பத்தி செய்யப்பட்டது. இங்கிலாந்தில் பறந்ததற்கும் வடஆப்பிரிக்காவில் பறந்ததற்கும் இம்பாலில் பறந்ததற்கும் நிறம், துப்பாக்கி, காற்று வடிகட்டி, சின்னம் என எத்தனையோ வேறுபாடுகள் உண்டு. குறிப்பிட்ட படைப்பிரிவின், குறிப்பிட்ட வரிசை எண் கொண்ட ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்து, அது ஏதேனும் ஒரு மாதத்தில் எப்படி இருந்ததோ அப்படியே செய்வது என்று முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் அந்த முடிவிலிருந்துதான் விடை கிடைக்கும்.

நம் பகுதியினருக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. சேலம் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. போர் நிதிக்கு இம்மாகாணத்தில் திரட்டிய பணத்தை முன்னிட்டு, பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகளின் பெயரோடு 'மதராஸ் பிரசிடென்சி' என்பதும் சேர்ந்தது. 264-ஆம் பிரிவின் டிஃபையன்ட் விமானம் ஒன்றின் உடலில் 'கோயம்புத்தூர் 2' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். அதன் வரிசை எண் N1801, பிரிவுக் குறியெழுத்துகள் PS-B. 1940-41 குளிர்காலத்தில் லண்டன் மீது இரவுக் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில் டெஸ்மண்ட் ஹியூஸ் விமானியாகவும் பிரெட் காஷ் துப்பாக்கி வீரராகவும் அதில் பறந்தார்கள். நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய விமானத்தைச் செய்யும்போது கை தானாகவே நிதானம் கொள்கிறது என்பது என் அனுபவம்.

டிஃபையன்ட் வழக்கத்துக்கு மாறான விமானம். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி எதுவும் அதற்குக் கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுழலும் கூண்டில்தான் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளும் இருந்தன. அந்தக் கூண்டுக்கு முன்னும் பின்னும் உள்ள முதுகுப்பகுதி மூடிகள், கூண்டு சுழலும்போது உள்ளே தாழ்ந்து இடம்விடும். எனவே துப்பாக்கிகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்த மாதிரியில் மூடிகள் உயர்ந்தே இருந்தால், அந்த விமானத்தால் அந்த நிலையில் இருந்திருக்கவே முடியாது. கண்காட்சிகளில் இதைக் கவனித்துப் பாருங்கள். எவ்வளவு நேர்த்தியாக நிறம் பூசியிருந்தாலும், இயந்திரம் இயங்கும் முறையை அறியாமல் செய்தது இந்த ஒரு மூடியிலேயே தெரிந்துவிடும்.

79-ஆம் பிரிவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அப்பிரிவு 1942-இல் இந்தியாவுக்கு வந்து ஹரிக்கேன்களோடு பர்மா முனையில் போரிட்டது; 1944-இல் தண்டர்போல்ட் விமானங்களுக்கு மாறியது. பெட்டி வழிகாட்டிகள் பெரும்பாலும் தவறவிடும் செய்தி ஒன்று இங்கே வருகிறது. ஐரோப்பாவில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானிய விமானங்களின் அடையாளமே சிவப்பு வட்டம் என்பதால், நொடிப்பொழுதில் நண்பனா எதிரியா என்று முடிவு செய்ய வேண்டிய வான்போரில் சொந்த விமானத்தையே சுட்டுவிடும் அபாயம் இருந்தது. அதனால் 1942-43 காலத்தில் இந்தியா, பர்மா முனைகளில் சிவப்பை நீக்கி, முதலில் நீலமும் வெள்ளையுமாகவும், பிறகு அடர்நீல வட்டத்துக்குள் வெளிர்நீலமாகவும் சின்னத்தை மாற்றினார்கள், அளவையும் சிறிதாக்கினார்கள். பின்னர், பச்சையும் பழுப்புமான உருமறைப்பு நிறம் பூசிய தண்டர்போல்ட்களின் மூக்கு, இறக்கை, வால் ஆகியவற்றில் வெள்ளைப் பட்டைகள் சேர்ந்தன; வெற்று உலோக நிறத்தோடு வந்த விமானங்களில் அப்பட்டைகள் அடர்நிறத்தில் இருந்தன. ஆக, ஒரே படைப்பிரிவின் மாதிரியிலேயே தேதி சில மாதங்கள் முன்பின் ஆனால் சின்னமும் பட்டையும் மாறிவிடுகின்றன. அர்ஜன் சிங் தலைமையில் 1944-இல் இம்பாலில் பறந்த இந்திய விமானப்படையின் 1-ஆம் பிரிவு ஹரிக்கேன்களைச் செய்ய விரும்புவோருக்கும் சிவப்பில்லாத சின்னமே பொருந்தும். பெட்டியோடு வரும் டீகால் தாளில் (நீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களின் தாளில்) சிவப்பு நடு வட்டம் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, வட்டம் வெட்டும் கருவியால் மாஸ்கிங் டேப்பை வெட்டி நீங்களே நிறம் பூசுவது நல்லது. வெளிர்நீலத்தை நேர்த்தியான ஒரே சாயலில் பூச வேண்டியதில்லை. களத்தில் வெள்ளையோடு நீலத்தைக் கலந்தே பூசினார்கள் என்பதால் விமானத்துக்கு விமானம் அது வேறுபட்டது.

சான்றுகளில் முதலிடம் புகைப்படத்துக்கே. ஆனால் கறுப்பு வெள்ளைப் படத்தைப் படிக்கப் பழக வேண்டும். அக்காலத்தில் புழங்கிய படச்சுருள்களில் ஒரு வகை சிவப்பொளியை உணராது. அதில் சிவப்பும் மஞ்சளும் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலம் வெளிறியும் விழும். எல்லா நிறங்களையும் உணரும் மற்றொரு வகையில் இந்த வரிசை மாறும். எந்தச் சுருள் என்று அறியாமல், "இங்கே கறுப்பாக இருக்கிறது, ஆகவே இது அடர்நீலம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே படத்தில் நிறம் உறுதியாகத் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதோடு ஒப்பிட்டே மற்றவற்றைக் கணிக்க வேண்டும். படத்துக்கு அடுத்த நிலையில், பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் நாள்வாரிச் செயற்பாட்டுப் பதிவேடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; எந்த எண் கொண்ட விமானத்தை எந்த நாளில் யார் ஓட்டினார் என்பதற்கு அவையே ஆதாரம். அருங்காட்சியக விமானங்கள் மூன்றாம் இடத்தில்தான் வருகின்றன. டெல்லியின் பாலம் (Palam) பகுதியில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹரிக்கேன், லைசாண்டர், வாபிட்டி போன்றவற்றை நேரில் காணலாம். வடிவத்துக்கும் கதவு, சக்கரக்கால் போன்ற உறுப்புகளுக்கும் அவை அருமையான ஆதாரங்கள். நிறத்துக்கு அவற்றை நம்பக் கூடாது. போருக்குப் பின் பலமுறை வர்ணம் பூசப்பட்ட உடல்கள் அவை.

அடுத்தது கணக்கு. தண்டர்போல்ட்டின் இறக்கை விரிவு 12.43 மீட்டர்; 72-ஆல் வகுத்தால் 172.6 மில்லிமீட்டர். பெட்டியைத் திறந்தவுடன் இந்த ஓர் அளவைச் சரிபார்த்துவிடுங்கள். அச்சிட்ட வரைபடங்களையும் இப்படியே சோதிக்க வேண்டும். வரைபடமும் பிளாஸ்டிக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துவதால் மட்டும் இரண்டும் சரி என்று ஆகிவிடாது. மொத்த நீளத்தைவிடக் கண்ணை உறுத்துவது தடிமன்தான். 1/72 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது அசலில் 7.2 சென்டிமீட்டர். இறக்கையின் பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தால், கத்தி போன்ற விளிம்புள்ள இறக்கைக்குப் பதிலாக ஏழு சென்டிமீட்டர் பலகையை மாட்டியதாகிவிடும். தகடுகளின் இணைப்புக் கோடுகளை ஆழமாகக் கீறி, அதில் கறுப்பு மையை ஓடவிடும் இப்போதைய பழக்கத்தை நான் ஏற்பதில்லை. 0.3 மில்லிமீட்டர் அகலக் கோடு, அசலில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி என்று பொருள்படும். அப்படிப்பட்ட விமானம் பறக்காது. ஹரிக்கேன் உடலின் பின்பகுதித் துணிப்போர்வையும் அப்படித்தான். துணி மீது டோப் என்னும் இறுக்கும் பூச்சைப் பூசி இழுத்து இறுக்கியிருப்பார்கள். பல கிட்களில் (பெட்டியில் வரும் உறுப்புத் தொகுப்புகளில்) அது பசித்த மாட்டின் விலாவைப் போலக் குழிந்து கிடக்கிறது. உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, விலா வரிகள் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

கருவிகளுக்காக வெளிநாட்டு இணையக் கடைகளையே நம்பியிருக்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பகுதிகளின் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் புழங்கும் நுண்ணரம், சாமணம், இழைவாள் ஆகியவை பித்தளைத் தகட்டு உறுப்புகளுக்கு மிகவும் ஏற்றவை. மெல்லிய தகட்டை மடித்துப் பற்றவைக்கும் முறையை நான் கற்றதும் அப்படியொரு பட்டறையில்தான். "தம்பி, அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்க, இழுக்கையில தூக்கிக்கணும்" என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். "சூடு பற்றவைக்கிற பொடிக்குப் போகக்கூடாதுங்க, பொருளுக்குப் போகணும். பொருள் சூடானா பொடி தானா ஓடும்." சக்கரக்கால் மூடிகள், ஏரியல் கம்பங்கள், குண்டு தாங்கிகள் ஆகியவற்றை அசலுக்கு நெருங்கிய தடிமனில் செய்ய இந்தக் கைப்பழக்கம் பேருதவி செய்கிறது.

தட்பவெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் நண்பகலில் ஏர்பிரஷை (காற்றால் வர்ணம் தெளிக்கும் கருவியை) எடுத்தால், அக்ரிலிக் வர்ணம் முனையிலேயே உலர்ந்து, மாதிரியின் மேல் பொடியாக விழுகிறது. விடியற்காலையில் உலர்தலைத் தாமதப்படுத்தும் திரவத்தைச் சிறிது கலந்து பூசுவதே வழி. ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. ஐப்பசி, கார்த்திகை மாத மூடுபனியில் லேக்கர் வர்ணம் பூசினால் காற்றின் ஈரம் படிந்து மேற்பரப்பு வெளுத்துவிடும். மலையில் வசிப்பவர்கள் அம்மாதங்களை வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இராணுவக் கட்டடங்களும் தளங்களும் விமானத்தைவிடக் கவனம் கேட்பவை. அவற்றுக்குத் தொழிற்சாலை வரைபடம் அரிதாகவே கிடைக்கும், களத்தில் கிடைத்ததைக் கொண்டு கட்டினார்கள். தற்காலிக ஓடுதளங்களில் விரித்த துளையிட்ட எஃகுப் பலகைகளுக்கு மட்டும் திட்டமான அளவு உண்டு: 10 அடி நீளம், 15 அங்குல அகலம், பலகைக்கு 87 துளைகள். 1/72 அளவில் அது 42.3 மில்லிமீட்டர் நீளமும் 5.3 மில்லிமீட்டர் அகலமும் ஆகும். கடையில் கிடைக்கும் தட்டுகள் பலவற்றில் பலகைகள் நேர்க்கோட்டில் முடிகின்றன. அசலில் செங்கல் கட்டுவதுபோல் ஒன்றுவிட்டொன்று தள்ளித்தான் பூட்டினார்கள். நம் பக்கம் சாலை வழியே சென்று பார்க்கத்தக்க போர்க்கால எச்சம் உளுந்தூர்பேட்டை ஓடுதளம். உரிய அனுமதியோடு செல்லுங்கள். இயங்கிக்கொண்டிருக்கும் சூலூர் போன்ற தளங்களின் அருகில் கேமராவோ டிரோனோ எடுக்கவே வேண்டாம். பழைய கட்டடம் எதுவானாலும், அடி அளவு குறித்த கோல் ஒன்றைச் சுவரோடு சாய்த்துவைத்துப் படம் எடுத்தால் எல்லா அளவுகளையும் வீட்டில் கணக்கிட்டுவிடலாம். செங்கல் சுவராக இருந்தால் ஒரு கல்லை மட்டும் அளந்து வரிசைகளை எண்ணினாலே உயரம் கிடைத்துவிடும்.

பர்மா முனையில் வீரர்கள் தங்கிய மூங்கில் குடில்களைச் செய்யத் தென்னை ஈர்க்கைவிடச் சிறந்த பொருளை நான் பார்த்ததில்லை. நுனிப்பக்கம் முக்கால் மில்லிமீட்டர், அடிப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது அசலில் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் மூங்கில். மூங்கிலைப் போலவே அதுவும் நுனி நோக்கிச் சிறுத்துப் போகிறது. தரைக்கு ஏற்காட்டுச் செம்மண்ணைச் சலித்துத் தூவும் ஆசை நம்மில் பலருக்கு உண்டு. பர்மாவின் அரக்கான் கடற்கரை ஓடுதளத்துக்கும் இம்பால் வயல்வெளிக்கும் அந்த நிறம் பொருந்தாது. சலித்த மணலுக்கும் படத்தைப் பார்த்தே நிறம் பூச வேண்டும்.

துரு, எண்ணெய்க் கறை, உரிந்த வர்ணம் ஆகியவற்றை அளவோடு வையுங்கள். அலுமினியத் தகட்டில் செந்துரு ஏறாது. பருவமழையும் வெயிலும் நிறத்தை வெளிறச் செய்தன என்பது உண்மை. அது மேற்பரப்பில் அதிகமாகவும் வயிற்றுப்பகுதியில் குறைவாகவும் தெரிய வேண்டும். புகைபோக்கியின் கறை எவ்வளவு தூரம் ஓடியது என்பதைப் படத்தில் பார்த்தபின் பூசுங்கள்.

எவ்வளவு தேடினாலும் ஒரு பக்கத்துப் படம் மட்டுமே கிடைக்கும் விமானங்கள் உண்டு. அவற்றைச் செய்யலாம்; ஆனால் மாதிரியோடு ஓர் அட்டை வைத்து, எது படத்திலிருந்து எடுத்தது, எது அக்கால ஆணையின்படி செய்தது, எது ஊகம் என்று மூன்றாகப் பிரித்து எழுதிவிடுங்கள். பின்னொரு நாள் மறுபக்கத்துப் படம் வெளிவந்தால், திருத்த வேண்டிய இடம் அந்த அட்டையிலேயே தெரியும்.

முதல் மாதிரிக்கு எதை எடுப்பது என்று கேட்டால், 1/72 அளவில் ஹரிக்கேன் இரண்டு-சி வகையைச் சொல்வேன். நான்கு 20 மில்லிமீட்டர் பீரங்கிகளோடு பர்மா முனையில் நிறையப் பறந்தது. படங்கள் தாராளமாக உள்ளன. கிட் பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. வாங்குமுன், மூக்கின் அடியில் பொருத்தும் வெப்பமண்டலக் காற்று வடிகட்டி பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே பறந்த ஹரிக்கேன்கள் பலவற்றில் அது இருந்தது. ஐரோப்பிய விமானத்துக்கென்று வந்த கிட்டில் அது இல்லாமல் போகலாம்.