ஒரே நாளில் தனியாக இலங்கையின் மிக உயரமான மூன்று மலை உச்சிகளையும் ஏறி இறங்க முடியுமா? யாழ்ப்பாணத்துச் சமதரையில் இருந்துகொண்டு எப்படித் தயாராவது?

மூன்றும் முடியாது, இரண்டு முடியும். முதலாவதான பிதுருதலாகலையின் (2,524 மீற்றர்) உச்சியில் ஒளிபரப்புக் கோபுரமும் பாதுகாப்பு வலயமும் இருக்கின்றன. நினைத்தபடி நடந்து ஏற விடமாட்டார்கள். இரண்டாவதான கிரிகல்பொத்தையும் (ஏறத்தாழ 2,390) மூன்றாவதான தொட்டுபொலவும் (2,357) ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. மாசி மாதத்தில் ஒரு நாள் இரண்டையும் தனிய நடந்தேன். நான் வடமராட்சிக்காரன்.

சமவெளியே 2,100 மீற்றர் அளவு உயரத்தில் கிடக்கிறது. "மிச்சம் முந்நூறு மீற்றர்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். கிரிகல்பொத்தைக்குப் போக 7 கிலோமீற்றர், வர 7. புல்வெளி, காடு, மூங்கிற் புதர் என்று மாறி மாறி ஏற்றமும் இறக்கமும். திரும்பி வரும்போதும் ஏறத்தான் வேண்டும். தொட்டுபொல போய்வர 4 கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும், ஆனால் செங்குத்து.

ஏற்றத்துக்கு எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான மணற்காட்டின் மணல்மேடுகளில் பழகினேன். ஐந்து லீற்றர் தண்ணீரை முதுகில் போட்டுக்கொண்டு மூன்று மாதம், சனிக்கிழமைகளில். ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும் மணல் மூச்சுக்கும் கெண்டைக்காலுக்கும் நல்ல வாத்தியார். இறக்கத்துக்கு நான் பழகவே இல்லை. அதுதான் என்னை வருத்தியது. இறங்கும்போது தொடைத்தசை நீண்டபடியே உடற்பாரத்தைத் தாங்குகிறது, சமதரையில் எத்தனை மைல் நடந்தாலும் அந்த வேலை அதற்குக் கிடைக்காது. மாடிக்கட்டடம் ஒன்றைப் பிடித்து, பாரத்தோடு படி இறங்கிப் பழகுங்கள்.

அம்மா கடைசிவரை "தனியப் போறியோ? ஒருத்தரும் வரமாட்டினமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு அவவே புழுக்கொடியலும் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) தேங்காய்ச் சொட்டும் கடதாசியில் சுற்றி, ஒரு குட்டான் பனங்கட்டியும் வைத்துத் தந்தா. பூங்கா வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். ஓலைக் குட்டானைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். வழிக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது. கடிக்க நேரம் எடுக்கும், பசி அடங்கும், குப்பை மிஞ்சாது.

கிரிகல்பொத்தையை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். நீளமானதைக் காலை வெளிச்சத்தில் முடிக்க வேண்டும், மத்தியானத்தை அண்டிப் பனிமூட்டம் இறங்கக்கூடும். பூங்காவுக்குக் கிட்டவுள்ள பட்டிப்பொலவிலிருந்து என்னைக் கூட்டிவந்த வான்காரர் தேயிலைத் தோட்டத்துத் தமிழர். "தம்பி, பனி எறங்குச்சுன்னா நின்ன எடத்துலயே நில்லுங்க, நடக்காதீங்க" என்றார். பத்தரை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். தனியப் போகிறவர் அந்த நேரத்தை இன்னொருவரிடம் சொல்லி வைக்க வேண்டும். மனதுக்குள் வைத்திருந்தால் உச்சி தெரிந்ததும் அதை நாமே தள்ளிப்போடுவோம்.

பத்துக்குக் கொஞ்சம் முன் உச்சிப் பாறையில் நின்றேன். மேற்கே சிவனொளிபாதமலை கூம்பாய்த் தெரிந்தது. அதன் உயரம் 2,243 மீற்றர், நான் அதைவிட மேலே நிற்கிறேன் என்பதை நம்பச் சிறிது நேரம் எடுத்தது.

திரும்பும் வழியில்தான் பிழை விட்டேன். பனி வந்தது. ஊரில் எனக்கு எங்கே நின்றாலும் ஒரு கோபுரமோ பனைக்கூட்டமோ திசை சொல்லும். அங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. நன்றாக மிதிபட்ட பாதை ஒன்றில் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று காலடியில் பார்த்தால் சப்பாத்துத் தடம் ஒன்றும் இல்லை, பிளவுபட்ட குளம்புத் தடங்களும் உருண்டை உருண்டையான புழுக்கையும்தான். மரைகள் என்ற பெரிய மான்கள் போட்ட பாதை. நெஞ்சு அடித்துக்கொண்டது. வான்காரர் சொன்னபடி நின்றேன். இருபது நிமிடம் இருக்கும். புல் நுனிகளில் நீர்த்துளி திரண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பனி கொஞ்சம் விலகியதும் என் தடத்தையே பார்த்துப் பின்னோக்கி நடந்து பழைய பாதையைப் பிடித்தேன். இணையம் இல்லாமலே வேலை செய்யும் வரைபடம் போனில் இருந்தது, அதைப் பார்த்திருந்தால் மரைப் பாதையில் ஐந்து நிமிடம்கூடப் போயிருக்க மாட்டேன். நீங்கள் கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

ஒரு மணிக்கு வான் நின்ற இடத்துக்கு வந்தேன். இரண்டு மலைப்பாதைகளுக்கும் இடையிலுள்ள வீதியை வான் வண்டியில்தான் கடந்தேன், அதையும் நடக்க வெளிச்சம் போதாது. இந்த இடத்தில்தான் உண்மையாக யோசிக்க வேண்டும். உடம்பு சூடாறிவிடும், தொடை இறுகிவிடும். முழங்கால் நொந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நோ தொடையில் மட்டும் இருந்தது, அதனால் போனேன். தொட்டுபொல என்றால் சிங்களத்தில் துறை. இராவணனின் விமானம் இறங்கிய துறை என்று கதை உண்டு. நான் ஏறியபோது உச்சி முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை, அப்படியும் மனம் நிறைந்துதான் இருந்தது. நாலுக்கு முன் கீழே வந்துவிட்டேன். வான்காரர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார், மிஞ்சிய பனங்கட்டியை இருவரும் கடித்துக்கொண்டு குடித்தோம்.

தனியப் போவதை வாசலில் கட்டாயம் சொல்லுங்கள். ஆள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் தர்க்கம் பண்ணாமல் கூட்டிப் போங்கள். தை, மாசியில் இரவுக் குளிரில் புல்லில் உறைபனி பிடிக்கும், கம்பளிச் சட்டையும் மழைச்சட்டையும் இரண்டும் வேண்டும். மாசிக்கு இன்னும் நாள் இருந்தால் வருகிற சனிக்கிழமையே மணற்காட்டில் தொடங்குங்கள். விடிய ஆறு மணிக்கு முன் போனால் மணல் சுடாது.